ஒன்பதாம் எண் சட்டை

ராசிபுரம்
9.2.1986

அன்புத் தங்கை கந்தம்மாளுக்கு அக்கா கமலவேணி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று முதலில் எழுது.

போன வெள்ளிக்கிழமை நம் அம்மாபேட்டை செவ்வந்தி மகளிர் கூடைப்பந்துக் கழகத்துச் செயலாளர் சென்னியப்பன் வீடு தேடி வந்திருந்தார். கழகம் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். செப்டம்பரில் வெள்ளி விழா. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். கழக வரலாறும், கடைசிப் பக்கத்தில் இருபத்தைந்து கேள்வி பதிலும் நான்தான் எழுத வேண்டுமாம். "உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேங்க" என்று சொல்லி, டிரங்குப் பெட்டி நிறையப் பழைய ஸ்கோர் புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டுப் போனார். உன் மாமா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து தறிப்பட்டறைக்குப் போய்விட்டார். பந்து என்ற பேச்சு வந்தாலே எழுந்து போகிற மனுஷர், தெரிந்ததுதானே.

உன்னைச் சோதித்துப் பார்க்கிறேன். பதில் எழுது. ஒன்று: நாம் சேர்ந்து போட்டு ஆடிய முதல் சட்டை என்ன நிறம்? இரண்டு: ஆட்டம் தொடங்கி நாலே நிமிஷத்தில் ஐந்து தப்பும் செய்து வெளியேறிய மகராசி யார்? மூன்று: சட்டை எண் ஏன் நாலில் தொடங்குகிறது, ஒன்று இரண்டு மூன்று ஏன் கிடையாது?

உன் படம் பேப்பரில் வந்திருக்கிறது. கல்கத்தாவில் ஏதோ கோப்பை வாங்குகிறாய். துவரம்பருப்புப் பொட்டலத்தில் வந்தது. பருப்பைக் கொட்டிவிட்டுப் படித்தேன். காதில் புதுக் கம்மல் போலிருக்கிறது. நன்றாக இரு.

உன் அக்கா
கமலவேணி


சென்னை
21.2.1986

அன்புள்ள அக்காவுக்கு கந்தா எழுதிக்கொண்டது. நான் நலம். மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். முழங்கால் காலையில் மடங்க மறுக்கிறது, பத்து மணிக்கு மேல் வழிக்கு வருகிறது. ஆபீஸ் அணியில் இதுதான் எனக்குக் கடைசி வருஷம் என்று நினைக்கிறேன்.

பதில்கள். முதல் சட்டை ரோஸ் நிறம். நாலு நிமிஷ மகராசி சின்னாயி. நடுவர் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று காட்டுவதற்கு வேறு அர்த்தம் இருப்பதால் அந்த எண்கள் சட்டையில் வருவதில்லை.

ஒரு உதவி கேட்க வேண்டும். மாநில ஜூனியர் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் எடுக்கிறார்கள். நானும் விண்ணப்பிக்கிறேன். விளையாடிய காலத்துச் சாதனைகளுக்கு அந்தந்தக் கழகத்தின் சான்றிதழ் வேண்டும். ஸ்கோர் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது என்பதால், 1974 நாமக்கல் இறுதியாட்டத்தில் முப்பத்தொரு புள்ளி என்று எழுதி, சென்னியப்பனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. கழகச் சாதனை இன்றும் அதுதானே. ஜூன் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும்.

கம்மல் பழசுதான். பாலிஷ் போட்டேன்.

கந்தா


ராசிபுரம்
27.4.1986

தங்கை கந்தம்மாளுக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். வெயில் தாங்கவில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, தறியில் ஆள் இல்லை, எனக்குத் தலைவலி. மூன்றில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்.

முதல் கேள்விக்குப் பதில் தப்பு. முதல் சட்டை அரக்கு நிறம். நம் தெருச் சாயப்பட்டறையில் அவசரமாக முக்கி எடுத்தது. திருச்செங்கோட்டில் மழையில் ஆடினோம், இடைவேளைக்குள் ரோஸ் ஆகிவிட்டது. எதிர் அணிக்காரிகளின் வெள்ளைச் சட்டையும் ரோஸ் ஆகி, யார் எந்த அணி என்று நடுவர் தடுமாறினார். உனக்கு மாறின பிறகு உள்ள நிறம்தான் நினைவிருக்கிறது.

நீ கேட்ட 1974 புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. நாமக்கல் பக்கமே இல்லை.

புத்தகம் இல்லாவிட்டால் என்ன, எனக்கு மனப்பாடம். வேண்டுமானால் ஒப்பிக்கிறேன். ஆவணி மாசம். எனக்குப் பரிசம் போட்டு மூன்று வாரம். பரிசம் போட்ட பெண் டவுசர் போட்டு ஓடக்கூடாது என்று அப்பா என் பேரைப் போட்டிப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டார். அரையிறுதியில் உனக்குக் கணுக்கால் பிசகிற்று. இறுதியாட்டத்தன்று அப்பா இளம்பிள்ளைக்குப் போயிருந்தார். புளிப்பத்து போட்ட காலை நீட்டி நீ வீட்டில் படுத்திருந்தாய். கோச் வெள்ளியங்கிரி சார் கொல்லைப்பக்கம் வந்து நின்று, "கொடுத்த பட்டியலை மாத்த முடியாது சாமி. கந்தா பேர்ல நீ வந்து ஆடு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி" என்றார். அம்மாவிடம் ஆஞ்சநேயர் கோயில் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உன் ஒன்பதாம் எண் சட்டை. உன் பேர். கோவை மில் அணிக்கு எதிராக முதல் பாதியில் பன்னிரண்டு, அடுத்த பாதியில் பத்தொன்பது. பாதிக்கு மேல் இடது கையில் போட்டது. நீ ஒரு பந்துகூட இடது கையில் போட்டதில்லை.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், கரையான் அரித்தாலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லத்தான்.

அக்கா


சென்னை
6.5.1986

அக்கா, நலம். இதையெல்லாம் கடிதத்தில் எழுதாதே. அறையில் என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள், தபாலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரிக்கிறார்கள்.

பெட்டியில் இருபது புத்தகம் இருக்க, கரையான் 1974ஐ மட்டும் தேடிப் போய்த் தின்றதா?

ஜூன் முப்பது. மறந்துவிடாதே.

கந்தா


ராசிபுரம்
18.5.1986

தங்கைக்கு. எல்லோரும் இருக்கிறோம்.

உன் கார்டு வந்த அன்று சோறு குழைந்துவிட்டது. சரி, மறைத்து மறைத்து என்ன ஆகப் போகிறது. எனக்கு உன்மேல் பொறாமை. எழுதிவிட்டேன். உன் அறைக்காரிகள் படித்தால் படிக்கட்டும்.

நீ கல்கத்தா ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவது எனக்குப் பொறாமை. உனக்கென்று அளவெடுத்து வாங்கிய கான்வாஸ் ஷூ பொறாமை. காலையில் எழுந்தால் உன்னிடம் யாரும் காபி கேட்பதில்லை, அது பெரிய பொறாமை. உன் பேரை மைக்கில் சொல்கிறார்கள். என் பேரை நான் ரேஷன் கார்டில்தான் பார்க்கிறேன். உன் முழங்கால் வலிகூட எனக்குப் பொறாமைதான் கந்தா. ஓடித் தேய்ந்த கால் அது. என் கால் நின்றே வலிக்கிறது.

நாமக்கல் ஆட்டத்தன்று மேடையில், இப்போது நீ வேலை பார்க்கிற சென்னை ஆபீஸின் அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் எண் என்று குறித்துக்கொண்டு போனார். தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் கார்த்திகையில் வந்தது, உன் பேருக்கு. எனக்கு அதற்குள் கல்யாணம் முடிந்து ஒரு மாசம். தையில் வைத்திருந்த கல்யாணத்தை ஐப்பசிக்கு இழுத்துவிட்டார்கள். மாமனாருக்கு உடம்பு முடியவில்லை, கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொன்னார்கள். அந்த முடியாத மாமனார் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கறிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தை வரைக்கும் பொறுத்திருந்தால் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இருந்திருப்பேன். அப்பாவின் காலில் விழுந்தாவது, அந்த ஒன்பது நான்தான் என்று சொல்லியிருப்பேன். என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. சொல்லவாவது சொல்லியிருப்பேன். நீ எனக்கு ஒரு கார்டு போட்டாய்: "அக்கா, சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்." அவ்வளவுதான். யாரைக் கூப்பிட்டார்கள் என்று நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது அந்த முப்பத்தொன்றை என் கையாலேயே உனக்கு எழுதித் தரச் சொல்கிறாய். தருகிறேன். அந்தப் புள்ளிகள் யார் போட்டது என்று உன் கைப்பட ஒரு வரி எனக்கு எழுது. அடுத்த பஸ்ஸில் சேலம் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன்.

கமலவேணி


ராசிபுரம்
24.6.1986

அன்புத் தங்கை கந்தாவுக்கு. நலம்தானே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி அவர் பையை எட்டிப் பார்க்கிறேன். கோபம் தீர்ந்து பயம் வந்துவிட்டது.

கரையான் பொய். புத்தகம் முழுசாக இருக்கிறது, என் சேலை அடுக்குக்கு அடியில். நேற்று எடுத்துக்கொண்டு சேலம் போனேன். சான்றிதழ் இதோடு வைத்திருக்கிறேன். செல்வி கே. கந்தம்மாள், முப்பத்தொரு புள்ளி. நானே எழுதினேன். கை கூசியது. ஆனாலும் எழுதிவிட்டேன். உன் ஒரு வரி எனக்கு வேண்டாம். தேதி தவறிப்போய்விடாமல் கொண்டு போய்க் கொடு.

காலுக்கு நல்லெண்ணெய் சூடு செய்து தேய்.

அக்கா


சென்னை
25.6.1986

அன்புள்ள அக்காவுக்கு கந்தா. இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். அதுதான் தாமதம்.

நீ கேட்ட வரி: 1974 நாமக்கல் இறுதியாட்டத்தில் ஒன்பதாம் எண் சட்டையில் விளையாடி முப்பத்தொரு புள்ளி போட்டது என் அக்கா கமலவேணி.

இனி நான் சொல்வதையும் கேள். எனக்கும் உன்மேல் பொறாமை. சிரிக்காதே. பதினோரு வருஷமாக எந்த ஊருக்கு ஆடப் போனாலும் மைக்கில் என்னை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? "நாமக்கல்லில் தனி ஒருவராக முப்பத்தொரு புள்ளி எடுத்த கந்தம்மாள்!" கூட்டம் கை தட்டும். உனக்குத் தட்டுகிறார்கள், நான் கும்பிடுகிறேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஆட்டத்தில் எடுத்த அதிகப் புள்ளி இருபத்தொன்பது. அதற்கு மேல் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்த இருபத்தொன்பது பெங்களூரில், 1981இல். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருந்தது. இன்னும் இரண்டு கூடை போட்டால் உன்னைத் தாண்டிவிடலாம் என்று தலைக்கேறிவிட்டது. கூடைக்கு அடியில் ஆள் சும்மா நின்று கை நீட்டினாள். அவளுக்குக் கொடுக்காமல் நானே நாலு தடவை அடித்தேன். நாலும் வெளியே. ஆட்டம் போய்விட்டது. அதோடு கேப்டன் பதவியும் போனது. ஏன் அப்படிச் செய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். யாரிடம் சொல்வேன், என் பேரில் இருக்கிற சாதனையை முறியடிக்கப் பார்த்தேன் என்று?

இன்னொன்று. சென்னைத் தேர்வுக்குப் போன அன்றைக்கு அந்தத் தேர்வாளர், "நீதானேம்மா இடது கைக்காரி? போடு பார்க்கலாம்" என்றார். மணிக்கட்டில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வலது கையில் ஆடினேன். நாற்பது நிமிஷம் ஓடினேன் அக்கா. வேலை அந்த நாற்பது நிமிஷத்துக்குக் கிடைத்தது. அது என்னுடையதுதான், அதை உனக்கும் தர மாட்டேன். ஆனால் கூப்பிட்ட கடிதம் உன்னுடையது. அதை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று ரகசியமாக இடது கையில் பழகினேன். மூன்று வருஷம் பழகியும் வரவில்லை.

விண்ணப்பத்தை இன்று அனுப்பிவிட்டேன். முப்பத்தொன்று என்ற வரியை எழுதவில்லை. அதிகப் புள்ளி என்ற இடத்தில் இருபத்தொன்பது என்று போட்டேன்.

கந்தா


ராசிபுரம்
10.7.1986

என் கந்தாவுக்கு. நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் கொடுத்தது உனக்குத் தேவைப்படாத நாளில் வந்து சேர்ந்திருக்கும்.

உண்மையைச் சொல்லட்டுமா? இருபத்தொன்பது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். பிறகு நீ நாலு தடவை அடித்து நாலும் வெளியே போனதைப் படிக்கும்போது அழுதேன். பாலும் பொங்கி வழிந்துவிட்டது. ஒரே மனசு இரண்டையும் செய்கிறது, என்ன செய்ய.

நீ எழுதிய அந்த வரியைக் கிழித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

மலருக்குக் கேள்விகள் எல்லாம் எழுதி அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. இருபத்தைந்தாவதுக்கு மட்டும் பதில் எழுதாமல் புள்ளி வைத்துவிட்டேன். கேள்வி இதுதான்: கழக வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் யார்? கேள்வியையே எடுத்துவிடலாமென்று பார்த்தால் சென்னியப்பன், "அது இல்லாட்டி மலரே இல்லைங்க" என்கிறார். நீயே சொல், என்ன எழுதட்டும்?

அக்கா


சென்னை
2.8.1986

அன்புள்ள அக்காவுக்கு. நலம், மாமா நலமா?

பயிற்சியாளர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வேறொருத்திக்குப் போய்விட்டது. என்னோடு ஆடியவள்தான், என்னைவிட மெதுவாக ஓடுவாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் திட்டினேன். உன் சான்றிதழை வைத்திருந்தால் கிடைத்திருக்கலாம். கிடைத்திருந்தால் அதற்கும் ஒவ்வொரு நாளும் கும்பிட்டுக்கொண்டே இருந்திருப்பேன். திருப்பி அனுப்பியிருக்கிறேன், அடுப்பில் போடு.

இருபத்தைந்தாவது கேள்விக்கு உன் பேரை எழுது. ஆபீஸில் யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். தேர்வில் ஓடியது என் கால், அதை யாரும் மறுக்க முடியாது. எனக்கு வருவது வரட்டும். யோசிக்க வேண்டியது நீதான். பரிசம் போட்ட பிறகு டவுசர் போட்டு ஆடினாய் என்று மலர் சொல்லும். மாமாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவரிடம் நீ இத்தனை வருஷம் சொல்லவில்லையே.

கந்தா


ராசிபுரம்
31.8.1986

அன்புத் தங்கை கந்தாவுக்கு அக்கா. பிள்ளைகள் சுகம். நானும் உன் மாமாவும் சுகமா என்று இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல்.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமா நூல் எடுக்கச் சேலம் போனார். வரும்போது அச்சகத்தில் கடைசிப் பக்கத்துப் புரூபை வாங்கி வரச் சொல்லியிருந்தேன். கவரை நீட்டிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தேன். இருபத்தைந்தாவது கேள்விக்கு நான் புள்ளி வைத்திருந்த இடத்தில், பென்சிலால், "கமலவேணி, 33" என்று எழுதியிருந்தது.

கையெழுத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தறிக்குப் பாவு நூல் வாங்கும் பில்லில் தினம் பார்க்கிற கையெழுத்துதான். அப்போது பார்த்துக் கரண்ட் போயிற்று. பட்டறையில் நாலு தறியும் நின்று, வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"ஏனுங்க, இதை யாருங்க எழுதுனது?" என்றேன்.

"நாந்தான்."

எனக்கு முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "முப்பத்து மூணு இல்லைங்க. முப்பத்தொண்ணு. புத்தகத்துல இருக்குது" என்றேன். கணக்குத் தப்பு எனக்குப் பொறுக்காதே.

"புத்தகம் கெடக்குது. கடைசிப் பந்து, கைய உட்டப்பறந்தான் அவன் விசில் ஊதுனான். அது கூடைதான். செயிச்சது நீங்கதான்" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே, என்னைப் பார்க்காமல்.

கந்தா, நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர் தள்ளிவிட்ட அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தெட்டு, ஒரு புள்ளியில் தோற்றோம் என்றுதான் இருக்கிறது. கையை விட்ட பிறகு ஊதினார்களா, முன்பா என்று எனக்கே இன்றைக்கு வரை தெரியாது. அங்கே நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

"நீங்க அங்க எங்கீங்க வந்தீங்க?"

"நோட்டீஸ்ல உன்ற தங்கச்சி பேரு போட்டிருந்துது. நீயும் கூட வருவ, தூரமா நின்னு ஒருக்காப் பாத்துட்டு வாரலாம்னு போனேன். பொம்பளைங்க உக்காந்திருந்த பக்கமெல்லாம் தேடறேன், காணோம். அப்பறம் பாத்தா நடுக் களத்துல நிக்கற."

"கந்தான்னு நெனைச்சிருக்கலாமேங்க."

"பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு நீ காபியை இடது கையில நீட்டுன. உங்கம்மா மொறைச்சதும் கை மாத்துன. அதே கையிலதான பந்தப் போட்ட."

பன்னிரண்டு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர். பந்து என்றால் எழுந்து போனவர். நான் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று பயந்து கிடந்தேன், கடைசியில் கேட்டது நான். "ஏனுங்க இத்தனை வருசம் சொல்லல?"

கையை இலையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அதச் சொன்னா, கண்ணாலத்த முன்னால வெச்சதையும் சொல்லோணுமே" என்றார்.

தையை ஐப்பசி ஆக்கச் சொன்னது அவர்தான். மாமனாருக்கு ஒன்றும் இல்லை. "ஊரே உன்னப் பாத்து விசிலடிச்சுது. மேடையில ஒருத்தன் உன் நம்பரைக் கேட்டு எழுதிக்கறான். எனக்குப் பொறுக்கல புள்ள. உட்டா நீ போயிருவன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

கரண்ட் வந்துவிட்டது. தறிச் சத்தம் கேட்டதும் எழுந்து போகப் பார்த்தார். "உட்காருங்க" என்றேன். அந்தக் குரலில் நான் அவரிடம் பேசியதே இல்லை. உட்கார்ந்தார். என்ன கத்தினேன், எவ்வளவு நேரம் கத்தினேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஐந்து நாளாக அவரோடு பேச்சில்லை. உன் ரயிலையும் ஷூவையும் பார்த்துப் பார்த்து வெந்தேனே, தங்கை என்றும் பாராமல். அந்தப் பொறாமையெல்லாம் வீடு மாறிப் போன தபால் கந்தா. போக வேண்டிய இடம் இந்த வீட்டுக்குள்ளேயே சோறு தின்றுகொண்டிருந்தது.

ஆனால் ஒன்று. எனக்குத் தராமல் போன அந்த இரண்டு புள்ளிக்காகப் பன்னிரண்டு வருஷம் வயிறு எரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அதை நினைத்தால் கோபம் இன்னும் அதிகமாகிறது, அழுகையும் வருகிறது.

நேற்று புரூபை எடுத்தேன். 33ஐ அடித்து 31 என்று எழுதினேன். நடுவர் ஊதியது ஊதியதுதான், புத்தகம் எழுதுகிறவள் அதை மாற்றக்கூடாது. பேரை மாற்றவில்லை. அவர் பென்சிலால் எழுதிய "கமலவேணி" மேலேயே மையால் எழுதினேன். கவர் மேல் அச்சகத்துக்கு என்று எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

விழா அன்றைக்குப் பழைய ஆட்டக்காரிகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஒரு காட்சி ஆட்டம் ஆட வேண்டுமாம். எனக்கு முப்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. நீ வருகிறாயா?

அக்கா கமலவேணி


சென்னை
8.9.1986

அன்புள்ள அக்காவுக்கு கந்தா. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. மாமாவை என்னாலும் மன்னிக்க முடியவில்லை, அவரிடம் சொல். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பேசாமல் இருந்து நாம் இரண்டு பேரும் என்ன கண்டோம்?

இருபதாம் தேதி இரவு ரயிலில் கிளம்புகிறேன். காட்சி ஆட்டத்துக்குப் பட்டியலை சென்னியப்பனுக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். எண் 9, கமலவேணி. கொடுத்த பட்டியலை மாற்ற முடியாது, தெரியுமில்லையா? சட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது. அன்றைக்கு நீ துவைத்துக் கொடுத்தது. உனக்கு இறுக்கிப் பிடிக்கும், நானே தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொண்டுவருகிறேன்.

நான் உன் அணியில் இல்லை. எதிர் அணியில் எண் பத்து கேட்டு வாங்கியிருக்கிறேன். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஓடுகிறேன். முப்பத்திரண்டு எடுக்காமல் களத்தை விட்டு வெளியே வர மாட்டேன், உன் எதிரில், என் பேரில்.

மாமாவை முன் வரிசையில் உட்கார வை. அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

கந்தம்மாள்